பதினேழு ஜீன்களும் ஒரு ரிலேயும்

கூலிங் என்பது அவருடைய பெயரல்ல. இருபத்தாறு வருடங்களாகக் கெட்டுப்போன ஃப்ரிட்ஜ்களைப் பழுது பார்த்து, வேலை முடிந்ததும் கதவுக்குள் கையை விட்டு, "கூலிங் வந்துடுச்சு" என்று சொல்லிச் சொல்லியே ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இருந்த ஒரே கோளாறு முழங்கால் வலி. அதுவும் கம்ப்ரஸருக்கு முன்னால் மண்டியிட்டு மண்டியிட்டு வந்தது. அப்படிப்பட்டவருக்குப் புற்றுநோய் என்று ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. அது எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு ஒரு மாதம் முன்னால் போக வேண்டும்.

புற்றுநோய் முன்னறிவு நிலையம் என்று ஏழு மாடியில் ஒரு கட்டடம். அங்கே நோயாளியை யாரும் தொடுவதில்லை. தொட்டுப் பார்ப்பது போன நூற்றாண்டு வழக்கம் என்று இயக்குநர் சுற்றறிக்கையே விட்டிருந்தார். ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தைக் கணினிக்குக் காட்டி, இது நோயாளி ரத்தம், இது ஆரோக்கியமானவர் ரத்தம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைக் கணினி தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அப்படி அது பதினேழு ஜீன்களைப் பொறுக்கி எடுத்திருந்தது. நோயாளியின் ரத்தத்தில் இந்தப் பதினேழும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்லிவிடுகிறதாம். அந்தப் பதினேழுக்கும் சேர்த்து இயக்குநர் தன் பெயரின் முதலெழுத்தை வைத்திருந்தார். மிச்ச எழுத்துகளை அடுத்த கண்டுபிடிப்புக்காக வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

வந்த ரத்தத்தை எல்லாம் மைனஸ் எண்பது டிகிரியில் வைக்க அங்கே இரண்டு ஃப்ரீசர்கள். பழையதன் கதவில் 'நோயாளிகள்' என்று எழுதியிருக்கும். புதியதில் 'ஆரோக்கியமானவர்கள்'. பழையதுதான் படுத்துக்கொண்டது. கூலிங்கைக் கூப்பிட்டார்கள்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றியதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கம்ப்ரஸரைத் தட்டி எழுப்புகிற ரிலே தேய்ந்துபோயிருந்தது. நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். நிற்கும்போது கத்த வேண்டிய அலாரத்தின் வயரையோ யாரோ ஒழுங்காக வெட்டி, நுனியில் டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

"இதை யாரு வெட்டினது?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"பக்கத்து ரூம்தான் மீட்டிங் ஹால். அலாரம் அடிச்சா சார் பேசறது யாருக்கும் கேக்க மாட்டேங்குது. அதான், சர்க்குலர் போட்டு வெட்டிட்டாங்க."

"ரிலே புதுசு போடணும்மா. இல்லன்னா இது நின்னு நின்னுதான் ஓடும்."

"எழுதிக் குடுங்க. மூணு பேர் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் லீவு."

கூலிங் தேய்ந்த ரிலேயை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இருக்கிறதை வைத்து ஓட்டிவிட்டார். "ரெண்டு மணி நேரம் இதுல எதையும் வைக்காதீங்க. இன்னிக்கு வர்றதை எல்லாம் பக்கத்துப் பெட்டியில வைங்க" என்றார். முப்பது வீடுகளில் சொல்கிற அதே பேச்சு. இதில் என்ன ஆபத்து இருக்கப்போகிறது?

அன்றைக்கு வந்ததே ஒரே ஒரு ஆள்தான். பஸ் டிப்போவுக்கு எதிரில் சீட் கவர் தைக்கும் பெண். நாற்பது வயதிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து இடது அக்குளைத் தடவியபடியே இருந்தாள்.

"சிஸ்டர், இங்க ஒரு கட்டி. கோட்டு பட்டன் சைஸ் இருக்கு. கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

நர்ஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். "தொடக் கூடாதும்மா. தொட்டா எங்களுக்கு ஒரு அபிப்பிராயம் வந்துடும். மெஷினுக்கு முன்னாடி எங்களுக்கு அபிப்பிராயம் வரக் கூடாது."

ரத்தம் எடுத்தாள். வழக்கமாக 'நோயாளிகள்' பெட்டிக்குப் போக வேண்டிய டியூப், மெக்கானிக் சொன்னபடி 'ஆரோக்கியமானவர்கள்' பெட்டிக்குப் போனது. பிறகு நர்ஸ் கூலிங்கின் பக்கம் திரும்பினாள்.

"இந்த மாசம் ஆரோக்கியமான ஆள்ல ஒண்ணு குறையுது. உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"முழங்கால்தான் அப்பப்ப..."

"அதெல்லாம் கணக்குல வராது. கையை நீட்டுங்க."

நீட்டினார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து, உறைகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். அங்கே டம்ளர் இல்லை. கையில் சுடச்சுடத் தன் ரத்தம் இருந்தது. நம்முடையதுதானே, கெட்டால் யாருக்கு நஷ்டம் என்று அந்த டியூபைப் பழைய ஃப்ரீசருக்குள் செருகினார். அரை மணி கழித்துத் திறந்து பார்த்தார். கல்லாகியிருந்தது.

"கூலிங் வந்துடுச்சு" என்று சொல்லி, டியூபை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

கடிதத்தை மனைவிதான் படித்தாள். இரண்டு தடவை மனசுக்குள் படித்துவிட்டு, மூன்றாவது தடவை வாய்விட்டுப் படித்தாள். "தங்கள் மதிப்பெண் புள்ளி தொண்ணூற்றேழு. மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." ஒன்றுக்குப் பக்கத்தில் போகப் போக நோய் நிச்சயம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"ஏங்க, இதுல எதுக்குங்க மகிழ்ச்சி?"

பயம் கூலிங்குக்கு வயிற்றில்தான் முதலில் வந்தது. அது வயிற்றில் வந்ததாலேயே நோயும் அங்கேதான் இருக்கும் என்று தோன்றியது. சாயங்காலத்துக்குள் தொண்டைக்கு வந்தது. படுக்கும்போது முதுகிலும் இருந்தது. உடம்பில் ஏதோ ஒரு மூலையில் ஒரு திருடன் ஒளிந்திருக்கிறான், எந்த மூலை என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மனைவியோடு நிலையத்துக்குப் போனார். "எங்க இருக்கு?" என்று கவுண்ட்டரில் கேட்டார்.

"என்னது?"

"எனக்கு வந்திருக்கிறது."

"இருக்கா இல்லையான்னுதான் மெஷின் சொல்லும். எங்கேன்னு கேக்கறதுக்கு அதுல வசதி இல்ல."

ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. குழாய் விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் தெரியவில்லை. ஒவ்வொரு முறை ஒன்றுமில்லை என்று தெரிந்தபோதும் அங்கிருந்தவர்கள் முகத்தில் பூரிப்பு கூடிக்கொண்டே போனது. கடைசியில் இயக்குநரே வந்து கையைக் குலுக்கினார்.

"பாருங்க, எந்தப் படத்துலயும் தெரியல. அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சிருக்கோம்! நோய் வர்றதுக்கு முன்னாடியே நாங்க வந்துட்டோம். உலகத்துலயே ரொம்ப ஆரம்ப நிலை நோயாளி நீங்கதான்."

"சார், ஒருவேளை எனக்கு ஒண்ணுமே இல்லாம இருக்கலாம் இல்லையா?"

இயக்குநர் குழந்தையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். "ஆரோக்கியமானவங்கன்னு யாருமே கிடையாதுங்க. இன்னும் மதிப்பெண் போடாதவங்கதான் இருக்காங்க."

"இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாக்கலாமே சார்?" என்றாள் மனைவி.

"எடுக்கலாம்மா. ஆனா வேற மாதிரி வந்துச்சுன்னா எதை நம்பறது? குழப்பம் வரக் கூடாதுன்னுதான் ஒரு தடவையோட நிறுத்திக்கிறோம்."

வெளியே வரும்போது படியில் சீட் கவர்காரியைப் பார்த்தார்கள். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள். "அண்ணே! எனக்குப் புள்ளி பூஜ்யம் நாலுதானாம். ஒண்ணுமே இல்லையாம். ஒரு மாசமா தூக்கமே இல்லண்ணே." கூலிங்கின் மதிப்பெண்ணைக் கேட்டதும் அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தன் சிரிப்புக்காக வெட்கப்பட்டாள். மூன்றாம் நாள் வீடு தேடி வந்து, ஆஸ்பத்திரி நாற்காலியில் போட்டுக்கொள்ளட்டும் என்று தானே தைத்த மெத்தை ஒன்றைக் கொடுத்தாள்.

"அந்தக் கட்டி என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள், கூலிங் சொல்லிக் கேள்விப்பட்டிருந்த மனைவி.

"இருக்குக்கா. கொஞ்சம் பெருசான மாதிரிகூட இருக்கு. ஆனா மெஷினே ஒண்ணுமில்லன்னுடுச்சே, அப்புறம் என்ன?"

அடுத்து மகளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் ரத்தத்தை அவர்கள் எடுக்கவே இல்லை. பாதி ஜீன் தகப்பனுடையது என்பதால் தகப்பன் மதிப்பெண்ணில் பாதியை அவளுக்குப் போட்டிருந்தார்கள். புள்ளி நாலு எட்டு ஐந்து. மனைவிக்கு ரத்த சம்பந்தம் இல்லாததால் தகுதி இல்லை என்று அதிலேயே குறிப்பும் இருந்தது.

"கணக்குல எனக்கு இதைவிடக் கம்மியாத்தான்பா எப்பவும் மார்க் வரும்" என்று மகள் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூலிங் தற்செயலாக எட்டிப் பார்த்தபோது, அவள் கண்ணாடி முன் நின்று கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவருக்கு அழுகை வந்தது.

பத்து நாளில் குழு கூடியது. நோய் எங்கே என்று தெரியாததால், எங்கிருந்து வெட்ட ஆரம்பிப்பது என்று ஓட்டெடுக்க வேண்டியிருந்தது. சம்பந்தப்பட்டவர் என்ற மரியாதைக்குக் கூலிங்கையும் ஒரு ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

"மண்ணீரல்ல ஆரம்பிக்கலாம்" என்றார் அறுவை நிபுணர். "அது இல்லாமயும் மனுஷன் இருந்துடலாம். நமக்கும் கை வாட்டமா இருக்கும்."

"பெருங்குடல்ல பாதி எடுத்துட்டா நல்லா பெரிய சாம்பிளா கிடைக்கும்" என்றார் இன்னொருவர்.

திசுக்களைப் பரிசோதிக்கும் டாக்டர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "மன்னிக்கணும். இவருக்கு நோய் இருக்கான்னு முதல்ல..."

"அது இன்னைக்கு அஜெண்டாவுல இல்லை" என்றார் இயக்குநர். "நம்ம மாடலோட துல்லியம் தொண்ணூத்தொம்பது. இந்த ரூம்ல இருக்கிற யாருக்காவது தொண்ணூத்தொம்பது இருக்கா? எனக்கு இல்லை. நானே மாடலை நம்பறேன்னா பாத்துக்குங்க."

மண்ணீரலுக்கு நாலு ஓட்டு, பெருங்குடலுக்கு மூன்று. எல்லாரும் கைதட்டினார்கள். கூலிங்கும் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான், தன் மண்ணீரலுக்காகத் தட்டியிருக்கிறோம் என்று உறைத்தது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அறுவைக்கு முந்தின நாள் அவரை உள்ளே சேர்த்தார்கள். முதுகில் கயிறு கட்டும் கவுனைப் போட்டு, மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டினார்கள். மனைவி கட்டிலோரமாக உட்கார்ந்து, அவர் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காலை பத்து மணிக்கு நர்ஸ் ஓடி வந்தாள்.

"நீங்கதானே ஃப்ரீசர் மெக்கானிக்? பழைய பெட்டி சுத்தமா நின்னுடுச்சு. கொஞ்சம் வாங்களேன்."

"சிஸ்டர், அவருக்கு நாளைக்கு ஆபரேஷன்" என்றாள் மனைவி.

"நாளைக்குத்தானேம்மா?"

கூலிங் எழுந்து போனார். கைக்கு ஏதாவது வேலை கிடைத்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. கவுன் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். அதே ரிலே. புதிது வாங்குவதற்கான காகிதத்தில் இரண்டு கையெழுத்து ஆகியிருந்ததாம்.

பிறகு முன்பக்கக் கதவைத் திறந்தார். தட்டுகளில் ஐஸ் பாறையாகப் படிந்திருந்தது. டியூப்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் ஐஸை நன்றாகப் படிப்பார். ஒரே சீராகக் குளிர்ந்த பெட்டியில் இப்படி ஐஸ் பிடிக்காது. இது உருகி, உறைந்து, மறுபடி உருகி, மறுபடி உறைந்த பெட்டி. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, வருடக்கணக்கில். நடுத்தட்டில் ஐஸுக்குள் தன் டியூப் இருப்பதைப் பார்த்தார். பாதி ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப அங்கேயே வைத்திருந்தார்கள். உறைந்து உருகியதில் ரத்தம் வெல்லப்பாகு நிறத்துக்கு மாறியிருந்தது.

புதிய பெட்டியைத் திறந்தார். உள்ளே துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஒவ்வொரு டியூபும் தனித்தனியாக, நல்ல சிவப்பில்.

கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருத்தி அடுத்த அறையில் இருந்தாள். எல்லாரும் அவளைப் பயிற்சிக்காரி என்பார்கள். மகள் வயதுதான். கூலிங் அவளைக் கையோடு அழைத்துவந்து இரண்டு கதவையும் காட்டினார்.

"அம்மா, எனக்கு உங்க ஜீனெல்லாம் தெரியாது. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். கெட்டுப்போன ரத்தமும் கெடாத ரத்தமும் உங்க மெஷினுக்கு வேற வேறயா தெரியுமா?"

அவள் பழைய பெட்டியைப் பார்த்தாள். புதிய பெட்டியைப் பார்த்தாள். கதவுகளில் எழுதியிருந்ததைப் படித்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ" என்றாள். "அது நோயைக் கத்துக்கல. எந்த ஃப்ரீசர்ல இருந்து வந்துச்சுன்னு கத்துக்கிடுச்சு."

இயக்குநர் அறையில் அவள் அழாத குறையாகச் சொன்னாள். "சார், இதுவரைக்கும் மார்க் போட்ட எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "யோசிச்சுப் பேசும்மா. நோயாளின்னு வர்றவங்க எல்லாருக்கும் நோய்னு சொல்லுது. சும்மா வர்றவங்களுக்கு இல்லைன்னு சொல்லுது. இதுக்கு மேல என்ன துல்லியம் வேணும் உனக்கு? ஃப்ரீசரைப் பார்த்துதான் சொல்லுதுன்னே வச்சுக்கோ. அப்பவும் சரியாத்தானே சொல்லுது?"

கூலிங் கவுனை இழுத்துப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். எப்போதும் யாரிடமும் குரலை உயர்த்தாதவர். "சார், என் ரத்தத்தை இப்ப எடுத்து, புதுப் பெட்டியில வச்சு, மெஷின்ல போடுங்க. போடாம என் மேல கத்தி வைக்க விடமாட்டேன். ரிலேயையும் தொட மாட்டேன்."

இரண்டாவது மிரட்டல் வேலை செய்தது. ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் மதிப்பெண் வந்தது. புள்ளி பூஜ்யம் மூன்று.

இயக்குநர் அரை நிமிடம்தான் யோசித்தார். பிறகு எழுந்து வந்து கூலிங்கைக் கட்டிக்கொண்டார். "தொண்ணூத்தேழுல இருந்து மூணு! கத்தி இல்லாம, மருந்து இல்லாம! கண்டுபிடிச்சதும் நாங்கதான், குணப்படுத்தினதும் நாங்கதான்!"

அன்று மத்தியானமே விழா. மேடையில் ஒரு பூச்செண்டு, சட்டம் போட்ட சான்றிதழ். 'முழுமையாகக் குணமடைந்தவர்' என்று அதில் பொன்னெழுத்தில் அடித்திருந்தார்கள். மகளுடைய மதிப்பெண்ணும் அதே மேடையில் தகப்பனின் புது மதிப்பெண்ணில் பாதியாகக் குறைக்கப்பட்டது. பயிற்சிக்காரியை எங்கும் காணோம். அவளை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள் நர்ஸ்.

கூலிங்குக்கு எதுவுமே உறைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். மண்ணீரல் எந்தப் பக்கம் இருந்தாலும் அங்கேயே இருக்கட்டும். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இருவரும் படியிறங்கினார்கள். கீழ்ப்படியில் அவர் கால் அப்படியே நின்றது.

"என்னங்க?"

"மெத்தை" என்றார். "அந்த மெத்தையை ரூம்லயே விட்டுட்டேன்."

"போனாப் போகுது, வாங்க."

அவர் நகரவில்லை. "இன்னிக்கு வர்றதை எல்லாம் பக்கத்துப் பெட்டியில வைங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார். "அவளோடது நல்ல பெட்டியில இருந்துச்சு. அதான் ஒண்ணுமில்லன்னு வந்திருக்கு."

மனைவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பூச்செண்டை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

சீட் கவர்காரி தையல் மெஷினில் இருந்தாள். சான்றிதழைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். "அண்ணே! சரியாயிடுச்சா? நான் சொன்னேன்ல?"

கூலிங் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "எனக்கு ஒண்ணும் இருந்ததே இல்லம்மா" என்றார். "பெட்டியிலதான் கோளாறு. என்னோடது கெட்ட பெட்டியில இருந்துச்சு."

"அப்ப என்னோடது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நல்ல பெட்டியில" என்றார்.

அவள் கை தானாக அக்குளுக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு தையல் மெஷினின் ஸ்விட்சை அணைத்தாள், ஓரத்தில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து டிராயரில் வைத்தாள், டிராயரைப் பூட்டினாள். "பட்டன் இல்லண்ணே இப்ப" என்றாள். "எலுமிச்சம்பழம்."

டிப்போவுக்குப் பின்தெருவில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். ஒரே அறை, ஒரு கட்டில், ஒரு திரை. திரைக்கு வெளியே பெஞ்சில் கூலிங் உட்கார்ந்தார். மனைவி உள்ளே அவளோடு போனாள். டாக்டர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"கையை மேல தூக்குங்க. பயப்படாதீங்க. என்ன வேலை பாக்கறீங்க? சீட் கவரா? என் ஸ்கூட்டர் சீட்டு கிழிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு, மழை பெஞ்சா ஸ்பாஞ்சு முழுக்கத் தண்ணி. என்ன கலர்ல போட்டா நல்லாயிருக்கும்? கறுப்பு போட்டா வெயில்ல சுடும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, நான் சொல்றேன்..."

பேச்சு பாதியில் நின்றது.

கூலிங்குக்கு அந்தச் சத்தம் தெரியும். இருபத்தாறு வருடமாக அதைக் கேட்டுத்தான் அவர் பிழைத்துவருகிறார். சீராக ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றால், கதவைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மடியில் இருந்த சான்றிதழை அவர் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா இருக்கு?" என்றார் டாக்டர். இப்போது குரல் வேறாக இருந்தது.

"மூணு மாசம் இருக்கும் டாக்டர்."

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் காட்டலையா?"

"காட்டினேன் டாக்டர்" என்றாள் அவள். "யாரும் தொடல."